குட்டியை எதில் வைத்துக் கொண்டுவருவது?

ராஜபாளையத்தில் நாய்க்குட்டிக்குச் சொல்லிவைத்திருப்பதாக யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "எதில் வைத்துக் கொண்டுவரப் போகிறீர்கள்?" என்பதுதான். அதற்குள் குட்டிக்குப் பெயர் முடிவாகியிருக்கும். கழுத்துப்பட்டை, சாப்பாட்டுக் கிண்ணம், மெத்தை எல்லாம் வந்திறங்கியிருக்கும். கால்நடை மருத்துவரிடம்கூடப் பேசி வைத்திருப்பார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் யோசிக்காமல் பதில் வரும்: "மடியில்தான்."

ராஜபாளையத்திலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 550 கிலோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர், தே. கல்லுப்பட்டி வழியாக வந்து திருமங்கலத்தில் நான்குவழிச் சாலையைப் பிடித்தால் மதுரை, திருச்சி, பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், செங்கல்பட்டு. குட்டியோடு நிறுத்தி நிறுத்தி வருவதென்றால் ஒரு முழுப் பகல். தாயின் சூடும் கூடப்பிறந்தவற்றின் நெருக்கமும் இல்லாமல் அந்தக் குட்டி கழிக்கப்போகும் முதல் பகலும் அதுதான். எட்டாவது வாரத்திலிருந்து பத்தாவது வாரம் வரை பட்ட பயம் நாய்க்குட்டியின் மனதில் ஆழமாகத் தங்கிவிடும் என்று நாய்ப் பயிற்சியாளர்கள் சொல்வார்கள். 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. ஆகவே முறையாகக் குட்டி வாங்குகிற பலரும் சரியாக அந்தப் பயப் பருவத்தில்தான் அதைக் காரில் ஏற்றுகிறார்கள். அந்தப் பகல் அதற்கு எப்படிப் போகிறது என்பதில் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு.

எங்கள் குட்டியைக் கொடுத்த அண்ணாச்சியும் மடிக் கட்சிதான். தலைமுறை தலைமுறையாக நாய் வளர்க்கிற வீடு. நான் பிளாஸ்டிக் கூண்டோடு போய் இறங்கியதும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "பெட்டியெல்லாம் எதுக்கு தாயி? எங்கய்யா காலத்துல சாக்குப் பைக்குள்ள விட்டு, தலைய மட்டும் வெளிய நீட்ட விட்டு, பஸ்ஸுல கொண்டு போவாக. ஒண்ணும் ஆனதில்லை" என்றார். அவர் சொன்னது உண்மை. அந்தக் காலத்துக் குட்டிகள் சிவகாசிக்கும் தென்காசிக்கும் போயின. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்த பஸ்ஸில், இரண்டு மணி நேரத்தில் வீடு சேர்ந்தன. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. இன்றைக்கு இந்த நாயைத் தேடிச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். திரும்பும்போது நான்குவழிச் சாலையில் நூறைத் தொட்டுப் போகிறார்கள். சாலை மாறிவிட்டது. சாக்குப் பை அந்தச் சாலைக்கு ஏற்றதில்லை.

மடியில் வைப்பதில் உள்ள ஆபத்தை ஒரு சின்னக் கணக்கில் சொல்லிவிடலாம். கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் எதன் மீதோ மோதி அரை மீட்டருக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் எல்லாப் பொருளும் அந்தக் கணத்தில் தன் எடையைப்போல் சுமார் இருபது மடங்கு விசையோடு முன்னால் பாயும். நான்கு கிலோக் குட்டி 80 கிலோ மூட்டையாகிவிடும். கைப்பிடிக்குள் அந்த விசையை நிறுத்துகிற மனிதர் கிடையாது. முன் சீட்டில் மடியில் வைத்திருந்தால் இன்னும் மோசம். விரியும் ஏர்பேக் குட்டியை நம் மார்போடு சேர்த்து நசுக்கும். விபத்துவரைகூடப் போக வேண்டாம். மடியிலிருந்து நழுவிய குட்டி இருட்டான இடம் தேடிப் போகும். காருக்குள் அது பெரும்பாலும் ஓட்டுநரின் காலடி. பிரேக் பெடலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு குட்டி மாட்டிக்கொள்வதை நினைத்துப் பாருங்கள்.

சரி, எந்தப் பெட்டி?

அட்டைப்பெட்டியைப் பலர் ஓட்டை போட்டுத் தருகிறார்கள். குட்டி முதல் முறை சிறுநீர் கழிக்கும்வரைதான் அது பெட்டி. அடி ஊறியதும் தூக்கினால் பிய்ந்து வரும். குட்டியின் நகத்துக்கும் பல்லுக்கும் அட்டை ஒரு பொருட்டே இல்லை. அரை மணி நேரப் பயணத்துக்குப் பரவாயில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பின்னல் கூடை, பழக்கூடை, தக்காளி ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டி எல்லாவற்றிலும் குட்டிகள் பயணம் செய்திருக்கின்றன. இவற்றில் தக்காளிப் பெட்டி மேல் எனக்கு மரியாதை உண்டு. பக்கமெல்லாம் காற்று வரும், கழுவலாம், எடை தாங்கும். ஒன்றின் மேல் இன்னொன்றைக் கவிழ்த்து, நான்கு மூலையிலும் ஜிப் டை என்கிற பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கினால் காசில்லாத நேரத்துக்கு நல்ல கூண்டு. கதவு இல்லாததுதான் குறை. குட்டியை எடுக்க வேண்டும் என்றால் டையை அறுக்க வேண்டும், அவசரத்தில் கத்தரிக்கோலைத் தேட வேண்டும்.

துணியில் தைத்த ஜிப் பைகள் கடையில் அழகாக இருக்கும். தூக்கவும் லேசு. மருத்துவரிடம் போய்வர நல்லது. ஆனால் பல பைகளில் காற்று வரும் வலை ஒரு பக்கமோ இரண்டு பக்கமோதான் இருக்கிறது. வாந்தி எடுத்தால் துணி உறிஞ்சிக்கொள்ளும், வழியில் கழுவ வழியில்லை. ஜிப்பின் முனையைக் குட்டி மூக்கால் நெம்பித் திறந்துவிடும்.

மடக்கும் கம்பிக் கூண்டு வீட்டுக்கு அருமையான பொருள். நடுவில் தடுப்புத் தகடு போட்டு, குட்டி வளர வளர இடத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். காருக்குள் அது எனக்கு உடன்பாடில்லை. கம்பிகளை மூலையில் பிடித்து வைத்திருப்பது சின்னச் சின்னக் கொக்கிகள். பலமாக இடித்தால் கூண்டு மடங்கிப்போகும், கம்பி முனைகள் உள்நோக்கி நீளும். பிரேக் போடும்போதெல்லாம் தகடு சத்தம் போடும். முதல் நாள் குட்டிக்கு அந்தச் சத்தம் தேவையில்லாத தொல்லை.

மிச்சம் இருப்பது விமானத்தில் ஏற்றுவதற்காகச் செய்யப்படுகிற கெட்டியான பிளாஸ்டிக் கூண்டு. மேலும் கீழுமாக இரண்டு ஓடுகள், முன்னால் கம்பிக் கதவு, பக்கங்களில் காற்றுத் துளைகள். நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். மூன்று பக்கம் மறைவாக இருப்பதால் குட்டி சீக்கிரம் தூங்குகிறது. அடி முழுத் தொட்டியாக இருப்பதால் ஈரம் கார் சீட்டுக்கு வராது. குழாயடியில் வைத்துக் கழுவலாம்.

இதைவிடப் பாதுகாப்பானவை உலகத்தில் உண்டு. அமெரிக்காவில் 'சென்டர் ஃபார் பெட் சேஃப்டி' என்ற அமைப்பு 2015-இல் நாய்க் கூண்டுகளை மோதல் சோதனைக்கு உட்படுத்தியது. அதில் 'கன்னர்' நிறுவனத்தின் இரட்டைச் சுவர்க் கூண்டு முதலிடம் பெற்றது. சுவீடனில் 'வேரியோகேஜ்' என்று, மோதும்போது தானே கொஞ்சம் மடங்கி விசையை வாங்கிக்கொள்ளும் எஃகுக் கூண்டு செய்கிறார்கள். வளர்ந்த நாயை அடிக்கடி நெடுந்தூரம் கூட்டிப்போகிறவர்களுக்கு அந்தச் செலவு தகும். ஒரு குட்டியை ஒரு முறை வீட்டுக்குக் கொண்டுவர அவ்வளவு தேவையில்லை. சாதாரணக் கூண்டைச் சரியான இடத்தில் அசையாமல் வைத்தால் பெரும்பாலான ஆபத்தைக் குறைத்துவிடலாம். ஆனால் "விமானத்துக்கு ஏற்றது" என்று ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து, கார் மோதலையும் தாங்கும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அந்தச் சோதனை வேறு, இது வேறு.

அளவில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். காரணம் புரிகிறது. ராஜபாளையம் ஆண் நாய் தோள் உயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை வளரும். இப்போது சின்னது வாங்கினால் இரண்டே மாதத்தில் வீண், பெரியதாகவே வாங்கிவிடுவோம் என்று தோன்றும். வீட்டுக்கு அந்தக் கணக்கு சரி. காருக்குச் சரியில்லை. பெரிய கூண்டுக்குள் இரண்டு மாதக் குட்டி வளைவுக்கு வளைவு ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குச் சரியும். பிடிமானம் இல்லாமல் நகத்தை ஊன்றிக்கொண்டு நிற்கும், தூங்காது, வாந்தி எடுக்கும். குட்டிகளுக்கு உள்காதில் சமநிலைக்கான உறுப்பு இன்னும் முழுதாகத் தேறியிராது. அதனால் பெரிய நாயைவிட அவற்றுக்குப் பயண வாந்தி அதிகம். உடம்பு சுவரில் சாய்ந்திருந்தால் அந்த ஆட்டம் குறைகிறது. பயணத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு பெட்டியாக யோசியுங்கள். இரண்டு வேலையையும் ஒரே பெட்டியில் முடிக்கப் பார்த்தால் முதல் நாள் பயணம்தான் பலியாகும். பயணப் பெட்டி புதிதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

விமானப் போக்குவரத்துக்கு, சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா வைத்திருக்கும் அளவு முறை இதற்கு நன்றாக உதவும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நீளம். அதோடு தரையிலிருந்து முன்னங்கால் முட்டிவரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் உள்நீளம். தோள் அகலத்தை இரண்டால் பெருக்கினால் உள்ளகலம். நின்றால் தலை உச்சிவரை எவ்வளவோ, அதோடு விரிப்பின் தடிமனையும் சேர்த்தால் உள்ளுயரம். அண்ணாச்சியின் மகள் தையல் டேப்பால் அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நீளம் 40 சென்டிமீட்டர், முட்டி 14, தோள் 13, விரிப்போடு உயரம் 32. கணக்குப் போட்டால் 47-க்கு 26-க்கு 32. கடையில் அதற்கு அடுத்த அளவு வெளிப்புறத்தில் 55-க்கு 36-க்கு 35 என்று இருந்தது. உள்ளளவு அதைவிடச் சில சென்டிமீட்டர் குறையும் என்பதால் அது பொருத்தமாகவே இருந்தது. குட்டி எழுந்து நிற்கலாம், திரும்பலாம், சுருண்டு படுக்கலாம். அதற்கு மேல் ஒரு துள்ளலுக்கு இடம் கிடையாது. பயணத்துக்கு அதுதான் வேண்டும்.

குட்டியை அளக்கும் முன் காரை அளக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது சாதாரண ஹேட்ச்பேக். ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி மோதல் சோதனைகள் செய்து பார்த்துச் சொன்னது இது: சிறிய கூண்டு என்றால் முன் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் பள்ளம்தான் நல்ல இடம், பெரிய கூண்டு என்றால் டிக்கியில், பின் சீட்டின் முதுகை ஒட்டி, குறுக்காக. கால் பள்ளத்தில் வைத்தால் முன்னால் பாய இடமே இல்லை. முன் சீட்டின் முதுகு தடுத்துவிடும்.

டிக்கி என்றதும் செடான் காரின் டிக்கியை நினைத்துவிடாதீர்கள். அது மூடிய பெட்டி, காற்று இல்லை, குட்டிக்கு அங்கே சாவுதான். ஹேட்ச்பேக்கிலும் எஸ்யூவியிலும் பின் தட்டைக் கழற்றிவிட்டால் டிக்கியும் காரின் அறையோடு சேர்ந்துவிடும். அதை மட்டும்தான் சொல்கிறேன்.

பின் சீட்டின் மேல் வைத்து சீட் பெல்ட்டைச் சுற்றிக் கட்டுவது நம்மிடையே பரவலான வழக்கம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மோதும்போது பெல்ட் சட்டென்று இறுகிக் கூண்டையே நசுக்கக்கூடும். பெல்ட்டால் கட்டலாம் என்று சோதித்து வடிவமைத்த கூண்டாக இருந்தாலொழிய அப்படிக் கட்ட வேண்டாம் என்று அந்த அமெரிக்க அமைப்பும் எச்சரிக்கிறது. எங்கள் காரில் இடப்பக்க முன் சீட்டை முன்னே தள்ளி, பின்னால் பள்ளத்தில் கூண்டைக் குறுக்காக இறக்கினோம். காரின் நடுவில் ஓடும் மேடு இடித்ததால் பழைய போர்வையை மடித்துப் பள்ளத்தில் போட்டுத் தரையைச் சமமாக்கினோம். பிறகு முன் சீட்டை மெல்லப் பின்னுக்குக் கொண்டுவந்து, அது கூண்டின் மேல் விளிம்பைத் தொட்டு அழுத்தியதும் நிறுத்தினோம். கையால் உலுக்கிப் பார்த்தால் கூண்டு அசையவில்லை, கார்தான் அசைந்தது. கதவு என் பக்கம் இருந்தது. தம்பி வண்டி ஓட்ட, நான் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கை நீட்டினால் விரல் கம்பியைத் தொடும்.

கூண்டைக் கடையில் வாங்கும்போது மூன்று இடங்களைக் கையால் தொட்டுப் பாருங்கள். மேலோட்டையும் கீழோட்டையும் இணைப்பது பிளாஸ்டிக் கிளிப் என்றால் அதை நம்ப வேண்டாம். ஓரத்தில் துளைகள் இருந்தால் ஹார்டுவேர் கடையில் வாஷரோடு நட்டு போல்ட்டு வாங்கி முடுக்கிவிடலாம், சில ரூபாய்க்கு முடிகிற வேலை. அடுத்து, கதவு. பிளாஸ்டிக் கதவை விடுங்கள். எஃகுக் கம்பிக் கதவாக இருக்க வேண்டும். தாழ்ப்பாளைத் திருப்பும்போது மேலும் கீழும் இரண்டு முள்களும் ஓட்டுக்குள் இறங்க வேண்டும். கம்பிகளுக்கு நடுவே குட்டியின் தாடை நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. கடைசியாக உள்சுவர். விரலை உள்ளே விட்டு ஒரு சுற்று தடவினால் வார்ப்பில் மிச்சமான கூர்முனைகள் தட்டுப்படும். உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும்.

கூண்டுக்குள் விடும் முன் கழுத்தில் இருப்பதை எல்லாம் கழற்ற வேண்டும். நம் பக்கத்தில் குட்டியை அனுப்பும்போது திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறும் ஒரு சின்ன மணியும் கட்டிவிடுவார்கள். அண்ணாச்சி வீட்டம்மாவும் கட்டிவிட்டார். மணியின் வளையம் கம்பியில் மாட்டினால் குட்டி திமிறும், திமிறத் திமிறக் கயிறு இறுகும். அதை அவரிடமே சொன்னேன். "அப்ப அதைக் கூண்டுல கட்டிருவோம் தாயி, கூண்டுக்கும் சேத்து திருஷ்டி கழியட்டும்" என்று அவரே அவிழ்த்துக் கைப்பிடியில் கட்டினார்.

நாங்கள் முதல் நாள் மாலையே ராஜபாளையம் போய்விட்டோம். எல்லோருக்கும் நான் அழுத்திச் சொல்வது இந்த ஒன்றைத்தான்: முடிந்தால் முந்தின இரவே கூண்டைக் குட்டிகள் இருக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். கதவைக் கழற்றி, உள்ளே அவை படுத்துப் புரண்ட சாக்கையே விரித்து வைத்தோம். முதலில் ஒன்று வந்து விளிம்பை மோந்தது. பயந்து பின்வாங்கியது. இன்னொன்று முன்னங்காலை உள்ளே வைத்து, சாக்கின் வாடை தெரிந்ததும் முழுதாக ஏறியது. அது ஏறியதைப் பார்த்ததும் மற்றவை ஒன்றன் மேல் ஒன்றாக நுழைந்தன. கடைசிக் குட்டிக்கு இடமில்லை. பின்பாதி வெளியே கிடக்கத் தலையை மட்டும் உள்ளே வைத்துப் படுத்துக்கொண்டது. தாய் வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கூண்டின் வாசலையே அடைத்துப் படுத்தது. காலையில் அந்தச் சாக்கில் மொத்தக் குடும்பத்தின் வாடையும் ஏறியிருந்தது. எங்கள் குட்டியோடு வீட்டுக்கு வந்ததில் விலைமதிப்பற்ற பொருள் அந்தச் சாக்குதான்.

சாக்குக்கு அடியில் என்ன போடுவது என்பதும் முக்கியம். பஞ்சு மெத்தை வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைக்கும், குட்டி கடித்துப் பஞ்சை விழுங்கும். நாங்கள் தினத்தாளைப் பல மடிப்பாக அடியில் பரப்பி, அதன் மேல் சாக்கைப் போட்டோம். நனைந்தால் மேல் தாள்களை உருவிவிட்டுச் சாக்கைத் திருப்பிப் போட்டால் முடிந்தது. கூடவே ஒரு பை: மாற்றுச் சாக்கு, தினத்தாள், பழைய துண்டு, குப்பைப் பை, தண்ணீர், குட்டி அதுவரை தின்ற அதே தீனி கொஞ்சம். புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே அதன் சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். பயண வாந்திக்கு மனிதர்கள் போடும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் சொல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

விடியும் முன் புறப்பட்டோம். காரணம் வெயில். நாய்க்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும்தான். மற்றபடி மூச்சிரைத்தே உடம்பின் சூட்டை வெளியேற்ற வேண்டும். கூண்டுக்குள் காற்று ஓடவில்லை என்றால் அந்த மூச்சே உள்ளே வெக்கையைக் கூட்டும். முன் சீட்டில் இருப்பவருக்குக் குளிர்கிறது என்பதால் பின் பள்ளத்தில் குளிர்கிறது என்று அர்த்தமில்லை. பல ஹேட்ச்பேக்குகளில் பின்னால் ஏசி வாய் கிடையாது. சுவரில் மாட்டும் சின்ன வெப்பமானி ஒன்றைக் கூண்டின் பக்கத்திலேயே கட்டி வைத்திருந்தேன். முன் வாய்களைக் கீழ்நோக்கித் திருப்பி, விசிறியைக் கூட்டியதும் அங்கே சூடு இறங்குவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. சன்னல் வழியாக வெயில் கூண்டின் மேல் விழுந்தால் வெள்ளைத் துண்டைக் கண்ணாடியில் மாட்டுங்கள், கூண்டின் மேல் போர்த்தாதீர்கள். போர்த்தினால் காற்றுத் துளைகள் அடைபடும்.

சாப்பிட இறங்கும்போது குட்டியைக் காருக்குள் விட்டுப் பூட்டிவிட்டு எல்லோரும் போவது கூடவே கூடாது. 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. விக்கிரவாண்டியில் இட்லி வந்து, காபி வந்து, பில் வந்து எழுவதற்கு அரை மணி நேரம் ஆகிறது. நாங்கள் முறை வைத்துச் சாப்பிட்டோம். ஒருவர் எப்போதும் ஓடுகிற ஏசியில் குட்டியோடு.

அடுத்த விஷயத்தில் நான் மிகக் கண்டிப்பு. வழியில் குட்டியைத் தரையில் விடக் கூடாது. டோல்கேட் ஓரப் புல்வெளி, ஓட்டல் வாசல், பெட்ரோல் பங்க் மரத்தடி எதிலும். எல்லா நாய்களும் வந்து போகிற இடங்கள் அவை. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குட்டிக்கு ஆறு முதல் எட்டாவது வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையாகப் பதினாறாவது வாரம் வரை தடுப்பூசி போட்டு வந்தால்தான் பாதுகாப்பு முழுமையாகும். ஒரு ஊசி போட்ட குட்டிக்கு அது இன்னும் வரவில்லை. பார்வோ வந்தால் ரத்தப் பேதி, வாந்தி, சில நாட்களில் குட்டி கையை விட்டுப் போய்விடும். அதனால்தான் கூண்டே கழிப்பிடமாகவும் இருக்க நேர்கிறது. அதனால்தான் கழுவக்கூடிய பிளாஸ்டிக் என்று இவ்வளவு வலியுறுத்துகிறேன். காரை ஓரமாக நிறுத்தி, கதவுகளை எல்லாம் மூடிக்கொண்டு, பின் சீட்டில் தினத்தாள் விரித்து அதில் விட்டால் பல குட்டிகள் அங்கேயே போய்விடும். எங்களுடையது சமயபுரம் தாண்டி அப்படித்தான் போனது.

அழுகை வரும். கப்பலூர் வருவதற்குள்ளேயே வந்தது. முதலில் முனகல், பிறகு அடித்தொண்டையிலிருந்து ஒரு கூவல், அந்தச் சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம் வருமா என்று திகைக்க வைக்கும். கதவைத் திறந்து மடியில் எடுக்கத்தான் கை பரபரக்கும். எடுக்காதீர்கள். கம்பிக்குள் இரண்டு விரலை விட்டு அப்படியே வைத்திருங்கள். எங்கள் குட்டி விரலை நக்கியது, பால்பல்லால் கடித்தது, கடைசியில் தாடையை என் விரல் மேல் வைத்துத் தூங்கிப்போனது. மேலூர் வரை விரலை எடுக்கவில்லை, மரத்துப் போய்விட்டது.

இங்கே ராஜபாளையம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இந்த வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மை சில குட்டிகளுக்கு வருவதுண்டு. குட்டி தூங்கும்போது, அதற்குத் தெரியாமல் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள். காது கேளாத குட்டியையும் வளர்க்கலாம், அது அன்பில் குறைந்ததில்லை. ஆனால் அதற்கு நம் குரல் ஆறுதல் ஆகாது. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நம் முகமும், மூக்குக்கு எட்டுகிற இடத்தில் நம் கையும் இருந்தாக வேண்டும். பக்கவாட்டில் மறைவு அதிகமாக உள்ள கூண்டு என்றால் கதவு நம் பக்கம் இருப்பது அதற்கு இன்னும் கட்டாயம்.

வீட்டுக்கு வந்த பின் அந்தக் கூண்டை எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், கதவைக் கழற்றி, அதே சாக்கோடு வைத்தோம். புது வீட்டில் அதற்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான். கூப்பிடாமலே உள்ளே போய்ச் சுருண்டது. உடம்பு அடங்காமல் போகும்வரை அதிலேயே படுத்தது. பிறகு வீட்டுக்கென்று பெரிய கம்பிக் கூண்டு வந்தது.

பயணப் பெட்டியைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை என்றேனே, அதற்கு வருகிறேன். ஒரு குட்டிக்கு இது சில வாரங்களுக்குத்தான் பயன்படும். அதன் பிறகு பரணில் கிடக்கும். நாட்டு நாய் வளர்க்கிற தெரிந்தவர்களிடம் கேட்டால் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும். இரவல் வாங்குங்கள், ஆனால் ஒரு நிபந்தனை. முன்பு அதில் போன குட்டிக்கு என்ன நோய் இருந்தது என்பது நமக்குத் தெரியாது. ஃபினாயில் ஊற்றிக் கழுவினால் பார்வோ சாகாது. குளோரின் பிளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் முப்பது பங்கு. முதலில் சோப்புப் போட்டு அழுக்கைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். அழுக்கின் மேல் பிளீச் வேலை செய்யாது. போல்ட்டுகளைக் கழற்றி இரண்டு ஓடுகளையும் பிரித்து, இடுக்கெல்லாம் நனையும்படி அந்தத் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விட வேண்டும். பிறகு நன்றாக அலசி, வாடை போகும்வரை வெயிலில் காய வைக்க வேண்டும். சாக்கு, துணி எதையும் இரவல் வாங்க வேண்டாம்.

எங்கள் கூண்டு இப்போது வீட்டில் இல்லை. கோவில்பட்டிப் பக்கம் சிப்பிப்பாறைக் குட்டி எடுக்கப் போன ஒரு நண்பரிடம் போயிருக்கிறது. அவருடைய காரில் பின் பள்ளம் எங்களுடையதைவிடக் குறுகல் என்பதால், கொடுக்கும் முன் டேப்போடு அவர் வீட்டுக்குப் போய் அளந்து பார்த்தோம். முன் சீட்டை ஒரு படி கூடுதலாக முன்னே தள்ள வேண்டியிருந்தது. அதன் பிறகு கூண்டு கச்சிதமாக இறங்கியது.